காகிதக் குடத்தில் போர் தண்ணீர்

போன வருடம் ஆனி மாதம் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையோரம் எங்களுக்கு ஒரு நெல் குடோன் இருக்கிறது. நவரைப் பருவத்து நெல்லெல்லாம் லாரியேறிப் போனபின், அடுத்த பருவமான சொர்ணவாரியின் அறுப்பு வரும்வரை அது காலியாகத்தான் கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து, கொரியாவிலிருந்து வந்த ஓர் அம்மா தன் காகிதக் கலைக் கண்காட்சியைப் பத்து நாள் அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். சென்னையில் ஒரு பெரிய கேலரியில் வைத்து முடித்துவிட்டாராம். வயல் பக்கம் ஒரு பழைய கட்டடத்திலும் வைத்துப் பார்க்க ஆசையாம்.

கேட்டு வந்தது தென்னேரி ஊர்ப் பெண் ஒருத்தி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கொரியாக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு செய்பவள். கண்காட்சிப் பொருள்களுக்கு அவள்தான் பொறுப்பு. சரி என்று சாவியைக் கொடுத்தேனே தவிர, வீட்டில் வந்து சிரித்தேன். காகிதம் என்றால் எனக்குத் தெரிந்தது பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுப்பதுதான். அதைப் பார்க்கவா வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும் என்று கிண்டல் செய்தேன்.

திறப்பு விழா அன்று காலை ஏழு மணிக்கு, கூட்டிப் பெருக்கியிருக்கிறார்களா என்று பார்க்க என்னிடமிருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூரை விட்டத்திலிருந்து தரைவரைக்கும் ஒரே வெள்ளைக் காகிதம் தொங்கியது, முழுக்க ஊசித் துளைகள். மேல் ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் புகுந்து, சிமென்ட் தரையில் நெல் காயப்போட்டதுபோலக் கொட்டிக் கிடந்தது. முப்பது வருடம் மூட்டை அடுக்கிய தரை. நான் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன்.

அதோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் எல்லாம் தெரிந்த ஆள் அல்லவா நான்? வாசலுக்கு நேர் எதிரே, இடுப்பு உயரப் பலகைமேல் கறுப்பாக ஒரு குடம் வைத்திருந்தார்கள். பின்னல் டிசைன் போட்ட இரும்புக் குடம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் காலி.

வெறுங்குடம் எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்பி உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நாங்கள். நல்ல காரியம் என்றால் வாசலில் நிறைகுடம் இருக்க வேண்டும். பாவம், வெளிநாட்டு அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நானே மோட்டார் கொட்டகைக்குப் போய் ஒரு குடம் போர் தண்ணீர் பிடித்து வந்து விளிம்புவரை ஊற்றினேன். ஒரு மாங்கொத்தும் செருகிவைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

ஒன்பது மணிக்குத் தென்னேரிப் பெண் வந்தாள். குடத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"இன்னா பண்ணி வச்சிக்கீறீங்கண்ணா? அது பேப்பரு."

எனக்குப் புரியவே இல்லை. பழைய புத்தகத் தாள்களைக் கிழித்து, விரலால் கயிறாகத் திரித்து, அந்தக் கயிறால் பின்னிய குடமாம். அந்த அம்மா இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தது. கண்காட்சியிலேயே அவருக்கு உயிரான பொருள் அதுதானாம். தூக்கலாம் என்று கைவைக்கப் போனேன். தூக்கினால் அடி கழன்றுவிடும் என்று அவள் தடுத்தாள். என் தோள் துண்டை எடுத்துக் குடத்தின் அடியைச் சுற்றி அணைகட்டிவிட்டு, இரண்டு பேரும் முதல் சொட்டு எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். "என் வேலை பூடும்ணா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

டீ கொண்டுவந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். ராத்திரி மழையில் கூரை ஒழுகியது என்று சொல்லிவிடலாமா என்று நான் இழுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் என் புத்தி போனது.

"ஊத்துனது நீ. நீயே சொல்லு. அந்தப் பொண்ணு தலைல கட்டாத" என்றாள். அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் கார் வந்து நின்றது. அறுபது வயதிருக்கும், ஒல்லியான உருவம். நான் கை கூப்பிக்கொண்டு, நான்தான் ஊற்றினேன், இந்தப் பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். தென்னேரிப் பெண் திக்கித்திக்கி மொழிபெயர்த்தாள். அவர் பலகை முன் மண்டியிட்டு, குடத்தின் அடியை விரலால் சுற்றித் தடவினார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். துண்டைத் தொட்டார். துளி ஈரமில்லை.

எதற்காக ஊற்றினேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் இப்படிச் செய்த பாத்திரங்களில் தண்ணீர் வைத்துப் புழங்கினார்களாம். ஏதோ ஒரு மரத்துப் பாலைப் பலமுறை பூசிக் காயவைத்துவிட்டால் ஒழுகாதாம். இந்தக் குடத்துக்கும் அதைத்தான் பூசியிருந்தாராம். இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஆனால் தன் குடத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்ற அவருக்கே தைரியம் வரவில்லையாம்.

"நீங்க பயப்படலையான்னு கேக்கறாங்கண்ணா."

"தெரிஞ்சிருந்தா நானும் பயந்துதான் இருப்பேம்மா" என்றேன். அதை அவள் சொன்னதும் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

தண்ணீரைக் கொட்ட அவர் விடவில்லை. பத்து நாளும் காலையில் வெயிலுக்குக் குறைந்ததை நான்தான் ஊற்றி நிரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜனமும் வந்தது. நாற்று விட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கடைசி நாள் தண்ணீரைக் கொய்யாச் செடிக்கு ஊற்றிவிட்டு, குடத்தை முதல் தடவையாக அவர் என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் ஒரு முறத்தின் கனம்கூட இல்லை.

இப்போதும் எதையாவது, யாரையாவது பார்த்து "இது எங்கே தாங்கப்போகிறது" என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அந்தக் குடத்தடியில் காய்ந்தபடியே கிடந்த என் துண்டு நினைவுக்கு வரும். பேசாமல் வாயை மூடிக்கொள்கிறேன்.