அம்மா சொன்ன முடிவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று டிவியில் எல்லோரும் புகழும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் (பெயர் மறந்துவிட்டது) பாட்டு கேட்டதும், ராயபுரம் வீட்டு வாசலில் அம்மா மீன் செதில் சீவிக்கொண்டே, புருஷன் விட்டுப்போன ஒருத்தியின் அந்தக் கதையைச் சொன்னது நினைவுக்கு வந்தது.

“புருசங்காரன் இன்னா ஆனான்மா?”

“திரும்பி வந்து அவ கையப் புட்ச்சிகினு அயுதான்டி. அவதான் பொறுத்துகினு கீறாளே, வராம எங்க பூடுவான்?”

என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு எண்ணூர் பக்கம் போனபோது, அதை நம்பித்தான் காத்திருந்தேன். நேற்றுதான் படத்தை முழுதாகப் பார்த்தேன். படத்தில் அந்தப் புருஷன் வரவே இல்லை. அவள் தனியாகச் செத்துப்போகிறாள்.

“இன்னா படம் அத்தே!” என்று மருமகள் கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

மீன் ஏலத்துக்கு நேரமானால் அம்மா பாதிப் படத்திலேயே எழுந்து வந்துவிடுவாள். அன்றும் அப்படித்தானா? இல்லை, அப்போது கொட்டகையில் ஓடிய படத்தில் முடிவு வேறா? தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.