மணமேடையில் ஓடிய ரயில்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசி மாதம், முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் நடந்தது இது. எனக்கு ஊர் திருவட்டாறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பழைய டிவிகளைச் சரிசெய்வது தொழில். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இது தோதான வேலை. நாள் முழுக்கப் பெட்டியின் முதுகோடு இருந்துவிடலாம்.

அந்த வீட்டு அக்காவின் கணவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவர். பக்கவாதம் வந்து படுத்தபின் யாரோடும் பேசுவதில்லை. மகன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியைப் போட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பரணில் கிடந்த மரப்பெட்டி டிவியில், பழைய வீடியோ டெக்கில், மகளின் கல்யாணக் கேசட்டைப் போட்டால் திரும்புவாரோ என்று அக்காவுக்கு ஓர் ஆசை.

இரண்டையும் கொண்டுவந்து சரிசெய்தேன், என் கடையில் படம் பளிங்குபோல இருந்தது. முட்டத்தில் போட்டதும் மணப்பெண் மேல் கோடு கோடாக ஓடியது. அடியில் வேறு ஏதோ உருவங்கள் நிழலாக நீந்தின. திரும்பக் கடைக்குக் கொண்டுபோனேன், கோடு இல்லை. மறுபடி முட்டம், மறுபடி கோடு.

"ஒனக்கக் கடதான் இதுக்கு இஷ்டம் போல மக்கா. இங்க வந்தா மொகத்தச் சுழிக்குது" என்று அக்கா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா இதப் போட்டா இவரு செவரப் பாத்துத் திரும்ப மாட்டேங்காரு. கண்ணு வாங்காம பாக்காரு. மவளுக்க மொகத்த மட்டும் தெளிய வச்சுத் தா. ஒரு வார்த்த மிண்டிருவாரு."

பல்பு, மின்விசிறி, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். பெட்டியின் பின்னால் இருந்தபடி படத்தைப் பார்க்க, எதிரே நாற்காலியில் ஒரு கண்ணாடி வைப்பது எங்கள் வழக்கம். அதில் படம் முழுதாகத் தெரிந்தது. கட்டிலில் கிடந்தவரைக் கண்ணாடி மறைத்திருந்தது.

மதியம். காற்று அடங்கி, கடல் எண்ணெய்போலக் கிடந்தது. கண்ணாடிக்குள் கல்யாணக் கூட்டத்தின் ஊடே வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி மெல்ல நடந்து போனாள். மணமேடை வழியாகவே ஒரு ரயில் சத்தமில்லாமல் ஓடியது. நான் அதைக் கோளாறு என்று மட்டும்தான் பார்த்தேன்.

டெக்கின் பின்னால், சுவரிலிருந்து வந்த ஒரு வயர் கையில் தட்டியது. மொட்டை மாடி ஆன்டனாவின் வயர். நான் டெக்கை வைக்கும்போதெல்லாம் அக்கா பழைய வழக்கப்படி அதைச் செருகியிருக்கிறார். ஆன்டனாவில் இப்போது என்ன வரப்போகிறது என்ற நினைப்பில் நான் மாடிப்பக்கம் போனதே இல்லை. பிடுங்கினேன். கோடு மறைந்து மகள் முகம் தெளிந்தது.

"லே, பிடுங்காத."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. குழறல்தான், ஆனால் கோபம் புரிந்தது. நாற்காலியை நகர்த்தினேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"இலங்க," என்றார். "அது இலங்க."

கடல் அமர்ந்த நாளில் அக்கரையில் இருக்கும் இலங்கை டிவி நிலையம் அந்த ஆன்டனாவில் ஏறி வரும். அதுதான் கல்யாணத்தின் மேல் விழுந்திருக்கிறது. படகில் போகாத நாட்களில் அவர் பார்த்த படம் அது. நான் துடைத்தெறியப் பாடுபட்ட நிழலைத்தான் அவர் கண் வாங்காமல் பார்த்துக் கிடந்திருக்கிறார்.

"பெத்த மவளுக்க கல்யாணத்த விட இந்த மனுசனுக்கு அக்கரதான் பெருசு" என்று வைதுகொண்டே அக்கா கண்ணைத் துடைத்தார்.

டெக்கைக் கழற்றி வயரை நேராக டிவியில் செருகிவிட்டு மாடியேறினேன். தெருவில் சத்தம் போட்டே பழகாத நான், ஆன்டனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா?" என்று கத்தினேன். சன்னலில் நின்ற அக்கா உள்ளே கேட்டுச் சொன்னார்.

"இன்னும் கெழக்கயாம், மக்கா. அவரு சொல்லுகாரு, கெழக்க."

திருப்பினேன். கீழே இருவரும் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. வேலை முடிந்தும் இறங்க மனமில்லாமல், கரையே தெரியாத அந்தக் கடலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

இப்போதும் கண்ணாடி வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஆனால் எதிரே இருப்பவரை மறைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்து, எந்தக் கோட்டை எடுப்பதற்கு முன்பும் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.