முன்கண்ணாடியில் உப்புப் புள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று கார் ஸ்டாண்டில் சொல்வார்கள். தப்பு. மூக்கு வரைக்கும் வந்து நிற்கிற பொறுமை அதற்குக் கிடையாது. ராஜபாளையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டினேன். கறுப்பு அம்பாசடர். அந்த வருஷங்களில் நான் திட்டாத ஆளே இல்லை. முன்னால் போகிற லாரியை, குறுக்கே வருகிற மாட்டை, பேரம் பேசுகிற கல்யாண வீட்டுக்காரரை, யாரையும் விட்டதில்லை. அதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஸ்டாண்டில் பதினோரு கார்கள். எல்லாவற்றையும் கழுவ ஒரே ஒரு அம்மா. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். புருஷன் செத்துப்போய், ஒற்றை மகளோடு இருந்தாள். அந்தப் பெண் பத்தாவது படித்தாள். என் மூத்தவளும் அப்போது பத்தாவதுதான், வேறு பள்ளிக்கூடம். "எம்மக பத்தாவது மட்டும் பாஸாயிட்டான்னா போதும்ணே. பொறவு ஒரு டீச்சர் டிரெயினிங்கோ நர்ஸோ, அவ பாத்துக்கிடுவா" என்று டயரைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள். வாரத்தில் நாலு தடவையாவது சொல்வாள். அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போர்வெல் இருந்தது. வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். வெயிலில் கார் மேல் ஊற்றி அப்படியே காயவிட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிடும். நாள்பட்டால் நகத்தால் சுரண்டினாலும் போகாது. அதனால் அந்த அம்மா வண்டியை வேப்ப மரத்து நிழலுக்குத் தள்ளச் சொல்லித்தான் கழுவுவாள். வண்டி உடம்புக்கெல்லாம் போர்த் தண்ணீர். கண்ணாடிக்கு மட்டும் கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். முனிசிபாலிட்டிக் குழாயில் வரிசையில் நின்று, வீட்டுக்குப் பிடிக்கிற குடங்களில் ஒன்றை இடுப்பில் வைத்து ஸ்டாண்டுக்குக் கொண்டுவருவாள். பிறகு பழைய பேப்பரைக் கசக்கி, ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில் துடைத்துவிடுவாள். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஓர் ஆடி மாசம் முடிந்த சமயம், என் வண்டிக் கண்ணாடியில் மட்டும் புள்ளி போகவில்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனால், எதிர்வெயிலில் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்தால் எதிரே வருகிற பஸ் லைட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். ஸ்டாண்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்துவேன்.

"கழுவுனியா, இல்ல உப்புக்கண்டம் போட்டு வச்சிருக்கியா?"

"நல்லாத்தான தொடச்சேன்? அந்தப் போர்த் தண்ணி அப்பிடிண்ணே. இருங்க, இன்னொருக்கத் தொடச்சிருதேன்."

"ஆமா, ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம்!"

அவள் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். மறுநாள் புளியைக் கரைத்துத் தேய்த்தாள். அடுத்த வாரம் எங்கேயோ கேட்டு வினிகர் வாங்கி வந்து, முன்கண்ணாடியில் டிரைவர் பக்கமாகத் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் தேய்த்தாள். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "போகல, இன்னும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் ஆள் சத்தத்தையே காணோம் என்று, "எங்கட்டி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினேன். "இங்கனதாண்ணே நிக்கேன்" என்று பானட்டுக்கு முன்னாலிருந்து குரல் வந்தது. கண்ணாடி அந்த லட்சணத்தில் இருந்தால் ஆள் எப்படித் தெரியும் என்று அதற்கும் திட்டினேன்.

அதற்கு மறுநாள் காலையில் தனியாக என் பக்கம் வந்தாள். "அண்ணே, செத்த நேரம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல கண்ணாடியத் தொடச்சு முடி. கதையெல்லாம் பொறவு பேசலாம்" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே நான் ஒரு மடத்தனம் செய்தேன். வீட்டிலிருந்து பாத்திரம் விளக்குகிற பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "இப்ப பாரு, எப்பிடிப் போகுதுன்னு" என்று ஸ்டாண்டில் வேறு டிரைவர் இல்லாத நேரத்தில் நானே கண்ணாடியில் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "வேண்டாம்ணே, வேண்டாம்ணே, கோடு விழுந்துரும்." கையை உதறிவிட்டுத் தேய்த்தேன். கோடு விழுந்தது. வட்டம் வட்டமாக, சாகும்வரை போகாத கோடு. அன்று எதிர்வெயிலில் சுத்தமாக ஒன்றுமே தெரியாமல், ஒரு சைக்கிள்காரரை இடித்துவிடப் பார்த்தேன். ஸ்டாண்டுக்கு வந்து, மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பொடியப் போட்டுத் தேச்சுக் கண்ணாடியக் கெடுத்துட்டா. இனிமே இவ நம்ம வண்டியத் தொடக்கூடாது."

பொய். அப்பட்டமான பொய். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. கழுவுகிற ஆளை ஒரு டிரைவர் வேண்டாம் என்றால், பதினோரு பேருக்கும் வேண்டாம். எங்களுக்குள் ஒற்றுமையாம். அதனால் என் ஒரு வாய் பதினோரு காரையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். 'தேச்சது நீங்கதான' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கு அடுத்த வாய் எழும்பியிருக்காது. சொல்லவில்லை. துணிகளை அலசி, பிழிந்து, வாளிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வேறொரு ஆள் கழுவ வந்தார். என் கண்ணாடி அப்படியேதான் இருந்தது. போடு, இவரையும் திட்டு.

இரண்டு மாசம் கழித்துச் சோழபுரத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியாரை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு அழைத்துப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வரிசை நீளம். "சும்மாதான நிக்கீக, நீங்களும் காட்டுங்க" என்று வாத்தியார் என்னையும் இழுத்து உட்காரவைத்தார். ஒரு நர்ஸ் பொண்ணு வட்டமான, கனமான பிரேம் ஒன்றை என் மூக்கில் மாட்டிவிட்டு, எதிரே இருந்த போர்டைப் படிக்கச் சொன்னது. மேல் எழுத்தே மங்கல். எனக்கு வழக்கமான எரிச்சல் வந்துவிட்டது.

"கண்ணாடியத் தொடச்சுக் குடும்மா. உப்பு படிஞ்சு கெடக்கு."

"கண்ணாடி இன்னும் போடவே இல்லையே ஐயா. இது வெறும் பிரேம்."

வாத்தியார் சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் பிரேமுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் இமையில் முட்டியது.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் இத்தனை நாள் எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டார். எத்தனை பேரை, எத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். மதுரையில் ஒரு கண்ணுக்கு முதலில், அடுத்ததுக்குச் சில வாரம் கழித்து ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்தார்கள். திரும்பி வந்து முதல் நாள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபோது முன்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. புது ஆள் விட்டுவைத்த நிஜமான உப்புப் புள்ளிகள் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. நடுவில் வட்டம் வட்டமாக என் கைக் கோடுகள். அவள் துடைத்த காலத்தில் அந்தக் கண்ணாடியில் ஒன்றுமே இருந்திருக்காது.

அன்றைக்கே அவளைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் அண்ணனோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர். தினமும் போய் வருகிற ஊர். 'இன்னைக்கு டிரிப் இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்' என்றே நாலைந்து மாசம் ஓட்டினேன். திட்டுவதற்கு மட்டும் எனக்கு நேரம் பார்க்கத் தெரியாது.

பரீட்சை ரிசல்ட் வந்த மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போனேன். ஸ்டாண்டுக்கும் தெருவுக்கும் கொடுக்க இரண்டு கிலோ. கடைக்காரர் கட்டிக்கொண்டிருந்தபோது பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. பெரிய இரும்புச் சட்டி ஒன்றைச் சாய்த்துப் போட்டு, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு ஒருத்தி சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவள்தான்.

"அண்ணே! நல்லாருக்கீகளா? வீட்டுல அக்கா நல்லாருக்காகளா?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். "கண்ணாடியில ஒண்ணுமில்லம்மா. எங்கண்ணுதான் கெட்டுப் போயிருந்துச்சு" என்றேன்.

"தெரியும்ணே."

"எப்பிடி?"

"ஒருநா பானட்டுக்கு எதுக்க நின்னு செவப்புத் துணிய ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க எங்க போய்த் தொலைஞ்சன்னு கேட்டீக. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"மறுநா சொல்ல வந்தேன். நீங்க பேச விடல. பொறவு அன்னைக்கு அம்புட்டு டிரைவரும் கூடி நிக்காக. நீங்கதான் தேச்சீகன்னு சொன்னா, எதுக்குத் தேச்சாருன்னு கேப்பாக. கண்ணு தெரியாத டிரைவர்னு பேராயிட்டா உங்க வண்டியில எவன் ஏறுவான்? மூணு பொட்டப்பிள்ளைக வச்சிருக்கீக." சட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஆனா ரோட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான் பயந்துக்கிட்டே கெடந்தேன்ணே" என்றாள்.

மகளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாதியில நிறுத்திட்டேன்ணே. இங்க வந்த பொறவு முடியல. மில்லுக்குப் போறா." அதில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "என்னண்ணே, ரெண்டு கிலோ இருக்கும் போலயே. வீட்டுல விசேஷமா?"

அத்தனை டிரைவர்கள் முன்னால் கூசாமல் பொய் சொன்ன வாய்க்கு அன்று ஒரு சின்னப் பொய்கூட வரவில்லை.

"மூத்தவ பத்தாவது பாஸாயிட்டா."

அவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "அப்ப எனக்கும் குடுங்கண்ணே." நூலை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவளே அவிழ்த்து, கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாப் படிக்கட்டும்ணே" என்றாள். "இத்தோட நிறுத்திராதீக."