வெள்ளிக்கிழமைத் தலைவலி

என் தலைவலியை அடக்கியது டாக்டரும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாபிராமில் ராணுவச் சரக்கு ரயில் வந்து நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு கொட்டகை. கிழிந்து வரும் கூடாரங்களைப் பிரித்துப் போட்டு, கித்தானைக் கோணி ஊசியால் தைப்பது எங்களைப் போன்ற பெண்களுக்கு வேலை. எங்களுக்கு மேலே மேஸ்திரி, அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. என் வீட்டுக்காரர் மாடு முட்டி இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

எனக்கோ ஒற்றைத் தலைவலி. சாதாரண வலி என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கண்ணெதிரே வெளிச்சம் நெளியும். கொஞ்ச நேரத்தில் வலது பொட்டில் உலக்கை போட்டதுபோல் இடிக்கும். வெயில் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது, வாந்தி வேறு. கித்தான்மேலேயே சுருண்டுவிடுவேன். மேஸ்திரி தலைமாட்டில் நின்று கத்துவார்.

"இன்னாமே, டிராமா போடுறியா? காயம் இல்ல, ஜுரம் இல்ல. இன்னொரு தபா படுத்தே, பேரை அடிச்சிட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்!"

டிராமாவாம்! பாவி மனுஷன்.

சுக்குப் பற்றுப் போட்டேன், கயிறு மந்திரித்துக் கட்டினேன். கடைசியில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்: வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. எப்போதாவது வந்துகொண்டிருந்த வலி, வெள்ளி தவறாமல் வர ஆரம்பித்தது. விரதம் போதவில்லை போலிருக்கிறது என்று செவ்வாயையும் சேர்த்தேன். அந்தச் செவ்வாயே வேலையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வீடு வந்தேன்.

"இன்னாமே, ஆத்தாளுக்கு உம்மேல செவ்வாக்கெயமையும் கோவமா?" என்றார் வீட்டுக்காரர்.

கிண்டல்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதுவரை எந்தச் செவ்வாயும் இப்படித் தவித்ததில்லை. பட்டினி சேர்ந்த பிறகுதான் வலியும் சேர்ந்தது! விரதத்துக்கு முன்னால் வலி வந்த நாட்களையும் ஒவ்வொன்றாக யோசித்தேன். பானையில் பழையது இல்லாமல் வெறும் வயிற்றோடு ஓடிய நாள். இவருக்கு ஒத்தடம் கொடுத்துத் தூக்கம் கெட்ட நாள். கித்தான்மேல் அடிக்கும் வெயிலுக்கு நேராக உட்கார்ந்த நாள்.

வேண்டுதலை விட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நேரே கோயிலுக்குப் போய் நின்றேன்.

"ஆத்தா, உனுக்கு ஊரே கூழ் ஊத்துது. நான் பட்டினி கெடந்து உனுக்கு இன்னா ஆவப்போவுது? இனிமே வெள்ளிக்கெயமை மொத கரண்டி உனுக்கு, மிச்சம் எனுக்கு. கோவம்னா இப்பவே சொல்லிடு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கூழ் குடிக்காமல் வாசல் தாண்டமாட்டேன். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். தலையில் முக்காடு. யாரையும் கேட்காமல் வெயிலுக்கு முதுகு காட்டி இடத்தை மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையானாலும் அதே நேரத்தில் படுத்து அதே நேரத்தில் எழுந்தேன். வலி அடியோடு போய்விட்டது என்றால் பொய். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். ஆனால் என் பேரை அடிக்க மேஸ்திரிக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, கித்தான் மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ முனகும் சத்தம். போய்ப் பார்த்தால் மேஸ்திரி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"கண்ணுல என்னமோ நெளியுதுமே. பாதித் தலை பொளக்குது."

"இன்னா மேஸ்திரி, டிராமாவா?" என்று கேட்டேவிட்டேன். எத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்தது!

"சத்தியமா இல்லமே. தொரையாண்ட சொல்லிடாதே, பேரை அடிச்சிடுவான்."

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"காலைல இன்னா துன்னே?"

"இன்னிக்கு சனிக்கெயமையாச்சே. விரதம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானத்துக்கு நான் கொண்டுவந்திருந்த கூழைக் குடிக்கவைத்து, நிழலில் படுக்கவைத்து, முகத்தில் ஈரத்துணியைப் போட்டேன். துரை வந்து கேட்டபோது, மேஸ்திரி ஸ்டேஷன் பக்கம் போயிருக்கிறார் என்றேன். அவர் எழுந்து வரும்வரை அந்தக் கொட்டகைக்கு நான்தான் மேஸ்திரி.