எல்லா வாய்க்கும் ஒரே மூடி

துண்டை விரித்து, நான்கு லென்சுகளையும் வாய் மேலே பார்க்க நிறுத்தி, ஒவ்வொன்றின் விளிம்பையும் சுட்டுவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறார் வளையக்கா. கல்யாணப் படமெடுக்கக் கிளம்பும் காலைகளில் இது தவறாது. ஒரு மணல் துகள்கூட அந்த விரலுக்குத் தப்பாது.

நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஒன்றின் வாய் நாற்பத்தொன்பது மில்லிமீட்டர், அடுத்தது ஐம்பத்திரண்டு, பிறகு அறுபத்தேழு, பெரியது எழுபத்தேழு. வாய்க்கு ஒன்றாக ஃபில்டர் வாங்கி, அவசரத்தில் எது எதற்கென்று முழிப்பவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். அக்கா வாங்கியது பெரிய வாய்க்கான ஒரே ஒரு நல்ல ஃபில்டர். சின்ன வாய்களுக்கு, ஒருபுறம் குறுகி மறுபுறம் எழுபத்தேழாக விரியும் வளையங்களை மாட்டிவிட்டார். இப்போது நான்குக்கும் ஒரே ஃபில்டர், ஒரே மூடி.

"மூத்தவன் அளவுக்குச் சட்டை தைச்சா இளையவனுக்குக் கையை மடிச்சு விட்டுக்கலாம். இளையவன் அளவுக்குத் தைச்சா மூத்தவன் எங்க போவான்?" என்பார்.

வட்டமாக எதைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவார். தேநீர் டம்ளரைக் கையில் வாங்கும்போதே "அறுபத்தேழு" என்பார். "ஊர் வாயை மூட முடியாதுன்னு சொன்னவங்க இவளைப் பாக்கலை" என்று அவருடைய கணவர் கிண்டல் செய்வார். அக்கா அசராமல், "உங்க வாய்க்குத்தான் இன்னும் வளையம் கிடைக்கலை" என்பார்.

போன மாதம் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். முந்தைய நாளே அக்காவை வரவழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடைப் படமெல்லாம் அப்புறம்மா. கிளம்பிப் போறப்ப அவ முகம் எப்படி இருந்துச்சு, அது ஒண்ணு போதும். மத்தவங்க எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லுவாங்க."

கார்க் கண்ணாடி இறங்கியிருக்கும்வரை தெரிவது உறவுக்காரர்களுக்கான முகம். ஏறிய பிறகு வருவதுதான் சொந்த முகம் என்பது அக்கா கண்டறிந்தது. ஆனால் ஏறிய கண்ணாடியில் மரமும் வானமும்தான் தெரியும். அந்தப் பளபளப்பை விழுங்கவே இந்த ஃபில்டர்.

கல்யாணத்தன்று காலையில் அதைக் குளக்கரைப் படங்களுக்காக வாங்கிப்போன, கூடப் படமெடுக்கும் கொழுந்தன், ஐம்பத்திரண்டு லென்சில் மாட்டி, உள்ள பலத்தையெல்லாம் காட்டித் திருகியிருந்தார். இப்போது கழற்றினால் ஃபில்டரோடு வளையமும் சேர்ந்து வந்துவிட்டது. அது போகாமல், நகரும் காரை எட்டிப் பிடிக்கும் பெரிய லென்சில் ஃபில்டர் ஏறாது. மண்டப வாசலில் பெண்ணின் காரைக் கிளப்பிவிட்டார்கள்.

"வர மாட்டேங்குது அண்ணி!" முகம் சிவக்க அதை நெரித்தார் கொழுந்தன்.

"நசுக்காதே தம்பி! வட்டம் கோணிச்சுன்னா உடும்பாட்டம் கவ்விக்கும். இப்படிக் குடு."

படியில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா பதறிப்போய், "யாரைம்மா அடிக்கப் போற?" என்றார்.

"அடி வாங்க வேண்டியவர் இங்கதான் நிக்கிறார். முதல்ல வேலை முடியட்டும் பெரியம்மா."

செருப்பின் ரப்பர் அடிப்பாகத்தின் மேல் வளையத்தைக் கவிழ்த்து, ஃபில்டரின் பின்விளிம்பை விரல்நுனிகளால் பிடித்து, நெரிக்காமல் சீராக அழுத்தித் திருகினார். ரப்பர் வட்டம் முழுவதையும் சமமாகப் பற்றியது. ஒரு முனகல், வளையம் கழன்றது.

ஒற்றைச் செருப்போடு ஓடினார். கண்ணாடி ஏறிவிட்டது, சக்கரம் உருள்கிறது. லென்சில் ஃபில்டரை ஏற்றி முன்விளிம்பைத் திருப்பத் திருப்ப, கண்ணாடியிலிருந்த மரம் கரைந்து, உள்ளே பெண்ணின் முகம் துலங்கியது. இமைகளில் ஈரம். ஒரு கன்னம் பிஸ்கட்டால் உப்பியிருக்கிறது. பாக்கெட்டை நீட்டும் மாப்பிள்ளையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிக்கிறாள். மூன்று படங்கள், கார் திரும்பிவிட்டது.

அக்கா மண்டபத்துக்குள் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் கேமராவை அந்த அம்மாவின் மார்பருகே பிடித்தார்.

"அழுதிருக்காளே..." என்றவர் இன்னும் கிட்டப் பார்த்தார். "அடிப்பாவி, திங்கிறா! காலையிலேர்ந்து பட்டினியா இருந்திருப்பா. பக்கத்துல அவர்தானே குடுக்கிறார்? சரியாத் தெரியலையேம்மா."

ஜன்னல் வெயில் திரையில் விழுந்துகொண்டிருந்தது. வளையக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கேமராவை அந்த அம்மாவின் கைகளில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அந்தச் சின்னத் திரைக்கு நிழல் பிடித்தார்.