என் கன்னத்தில் புள்ளி வரிசை

காலையில் கோயிலில் தாலி ஏறியது. பன்னிரண்டு மணிக்கு ரெஜிஸ்தர் ஆபீசில் டோக்கன். எங்கள் காதலுக்கு ஒருவழியாகத் தலையாட்டிய அப்பா, ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "இன்னிக்கே ரெஜிஸ்தர் ஆவணும். ஆவலன்னா என் பொண்ணு என்கூட வீட்டுக்கு வந்துடும்."

மனுவில் ஒட்ட ஜோடிப் படம் வேண்டும். ஆம்பூரில் ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் மாலையும் கழுத்துமாக நின்றோம். கடைக்கார பாய், செல்போனில் எடுத்த படத்தைப் பளபளப்பான போட்டோ பேப்பரில் பிரிண்ட் போட்டு நீட்டினார். எனக்கு ஒரே பூரிப்பு. என் புருஷனுக்கு இல்லை. தோல் கம்பெனியில் பதப்படுத்திய தோலைப் புரட்டிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு இருந்தால் தரத்தைக் குறைத்து, ஏ, பி, சி என்று பிரிப்பதுதான் அவர் வேலை. படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்.

"பாய், இது ரிஜெக்ட். இவ கன்னத்துல உண்ணி கடிச்சிருக்கு."

பார்த்தேன். ஊசியால் குத்தியது போல் பொடிப்பொடிப் புள்ளிகள், வரிசையாக.

"கவர்மெண்ட் ஆபீஸ்ல இதெல்லாம் யாரு தம்பி பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல."

பாய் மறுபடி போட்டார். மறுபடியும் புள்ளி. மூன்றாவதிலும் அதே. மணி பதினொன்றே முக்கால். வாசலில் அப்பா, என் துணிமணிப் பையைக் கீழே இறக்காமல் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது; அதைவிட ஜாஸ்தியாகச் சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண்ணை சி கிரேடில் போட்டுவிட்டு ஒரு மனுஷன் பிரிண்டரோடு மல்லுக்கட்டுகிறாரே!

என் புருஷன் மூன்று படங்களையும் பரப்பிவைத்து விரலால் அளந்தார். "உண்ணி இவ்ளோ கணக்கா கடிக்காது பாய். எல்லாம் ஒரே இடைவெளி. மிஷின்ல எதுவோ உருண்டு மிதிக்குது."

பாய் மூடியைத் திறந்தார். பேப்பர் வெளியே வரும் இடத்தில் குட்டிக் குட்டிப் பல் சக்கரங்கள், மை காய்வதற்குள் என் கன்னத்தில் ஏறி நடந்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் செட்டிங் சாதாப் பேப்பரிலேயே கிடந்தது. அதனால் மை அளவுக்கு மீறிக் கொட்டியிருக்கிறது. அதைப் போட்டோ பேப்பருக்கு மாற்றி, கட்டாக வைக்காமல் ஒற்றைத் தாளாக வைத்தார்.

நான்காவது படம் கண்ணாடி மாதிரி வந்தது. நான் துள்ளியதில் மாலைப் பூ கடையெல்லாம் உதிர்ந்தது. அவரோ மறுபடியும் சாய்த்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு பாய். தாடைகிட்ட."

"யோவ், அது என்னுது! ஏழு வயசுல அம்மை போட்ட வடு!"

படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷம் காதலித்தவர்! பாய் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

சாலையைத் தாண்டி ஓடினோம். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்ததும் கிளார்க் படத்தை ஒட்டினார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரப்பர் சீலை எடுத்து என் கன்னத்தின் மேலேயே ஓங்கிக் குத்தினார்.

"ஐயோ சார்!" என்று அலறினார் என் புருஷன்.

"சீல் வுழுந்துடுச்சு. இனிமே ரிஜெக்ட் பண்ண முடியாது" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. சீல் விழுந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலையிலிருந்து யாரிடமும் கொடுக்காத என் துணிமணிப் பையை என் புருஷனிடம் நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள. நீங்களே தூக்கிக்குங்க."