பார்க்க விடாத வயிறு

டாக்டர் மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்க நான் பதுளைக்குப் போனதை நினைத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வயிற்றையா அறுத்தார்கள்?

என் வீட்டுக்காரர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளையில்லை. அவருக்கு இன்னொரு பெண்ணைக் கட்டிவைக்க மாமியார் பேசிக்கொண்டிருந்த சமயம், எனக்கு நாள் தள்ளிப்போய் வயிறு மேடிட்டது. தோட்டத்து டாக்டரைக் கூட்டிவந்தார்கள். கையைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிள்ளைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண் பார்க்கிற பேச்சு அன்றோடு நின்றது. தண்ணீர்க் குடத்தைக்கூட மாமியார் என்னைத் தூக்க விடவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் வந்து வளையல் போட்டார்கள். நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

பத்து மாதம் தாண்டியும் பிரசவ வலி வரவில்லை. ரயில் அப்போது பதுளைக்கு வந்திருக்கவில்லை; மாட்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு நர்ஸம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்ததுமே முகம் மாறினாள். பிள்ளையில்லை, கட்டி. அறுத்தெடுத்தார்கள். கட்டியோடு கர்ப்பப்பையும் போயிற்று.

உயிர் பிழைத்து வீடு வந்தால் ஊர் வேறு கதை கட்டி வைத்திருந்தது. இரண்டாம் கல்யாணத்தை நிறுத்த நான் பிள்ளைத்தாய்ச்சியாக நடித்தேனாம். டாக்டரையே ஏமாற்றிய கைகாரியாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில்கூட இதே பேச்சு. இந்தப் பொய்க்காரியோடு தன் மகன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று மாமியார் மறுபடி பெண் தேடத் தொடங்கினார்.

எனக்கு எரிந்தது. தப்பாகச் சொன்னது அந்த மனுஷன், பட்டம் எனக்கா? கோர்ட்டில் அவர் வாயாலேயே அதைச் சொல்ல வைத்துவிட்டால் இந்தக் கல்யாணம் நிற்கும் என்று நம்பினேன். வீட்டுக்காரரை நச்சரித்து வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகக் கேட்டார். டாக்டர் மேல் வழக்குப் போடச் சட்டத்தில் இடமுண்டு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் வியாதியைத் தப்பாகச் சொன்னார் என்பது மட்டும் போதாதாம். ஒரு டாக்டர் பார்க்கவேண்டிய முறையில் பார்க்கவில்லை, அதனால்தான் கேடு வந்தது என்று இரண்டையும் காட்டவேண்டுமாம். பிறகு என்னிடம் கேட்டார்.

"உங்கட வயித்தை அவர் தொட்டுப் பாத்தவரோ?"

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வாசல்லயே கேட்டாருங்க. நான்தான் வேணாம்னுட்டேன். எங்க பொம்பளைங்க வயித்தை அந்நிய ஆம்பளைக்குக் காட்டுறதில்லைங்க."

வாசலில் அவர்கள் பேசியது உள்ளே படுத்திருந்த எனக்கு அதுவரை தெரியாது. வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாக்க விடாத வயித்துக்கு டாக்குத்தரை என்னெண்டு பிடிக்கிறது, அம்மா?"

திரும்பி வரும்போது வண்டியிலேயே வீட்டுக்காரரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். வழக்கும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், வக்கீலிடம் சொன்னதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். சும்மா சொல்லக்கூடாது, சொன்னார். அக்கம்பக்கத்தார் கேட்க, தன்மேல்தான் தப்பு என்று வாசலில் நின்று சொன்னார்.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டே முழுதும் கேட்டார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

"சரிப்பா, அவ பொய் சொல்லல. இனிமே அவளுக்குப் புள்ள பொறக்காதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, அதுவும் பொய் இல்லைதானே?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தை மாதம் அவருக்குக் கல்யாணம் நடந்தது.